மஞ்சள் ஸ்பிரிங்

எங்கள் பக்கத்து ஆட்டு ஷெட்டுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்கள் வரிசையாக நின்று ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருப்பார்கள். வாசல் பக்கம் ஒரு பெண் வருவது தெரிந்தால் போதும், முதலில் பார்க்கிறவன் "குளத்துல வாத்து" என்று குரல் கொடுப்பான். அந்த நொடியே கெட்ட வார்த்தை நிற்கும். சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் தொங்கும். அவரவர் முகத்தைக் கழுவித் துடைத்த மாதிரி வைத்துக்கொள்வார்கள். கேட்டால் மரியாதை என்பார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போய் எனக்கும் அந்த மரியாதை கிடைத்தது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். சாவு வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. டப்பாவை வைத்துவிட்டு ஓடிவந்தேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நன்றாகவே பராமரித்து வைத்திருக்கிறேன்.

அதனால்தான், லிண்டன் கீயோ என் பிலாட்டிஸ் உடற்பயிற்சி அறைக்குள் முதல் தடவை காலை வைத்தபோது, மிஷினில் மல்லாந்து படுத்திருந்த நோரீன் தலையைக்கூடத் தூக்காமல் "குளத்துல வாத்து" என்று கத்தியதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் அவரைக் கண்டித்திருக்க வேண்டும். பக்கத்து மிஷினில் இருந்த பிரைடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரட்டைக் குழந்தை பெற்றதில் வயிற்றுத் தசை நடுவில் பிரிந்துபோய் என்னிடம் வந்தவள் அவள். "சிரிக்க வைக்காதீங்க நோரீன், வயிறு திரும்பப் பிரிஞ்சுடும்" என்றாள்.

லிண்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"என்ன இது, பொம்பளைங்க ஜிம்மா?"

"இப்பதான் ஒரு வாத்து வந்திருக்கே, இனிமே கலப்பு ஜிம்" என்றார் நோரீன். "உள்ள வா லிண்டன். கடிக்க மாட்டோம்."

நோரீன் முப்பது வருஷம் ஷெட்டுகளில் சமையல்காரியாக இருந்தவர். காலை டீ, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போன ஒவ்வொரு தடவையும் அவரை வாத்து என்று அறிவித்திருக்கிறார்கள். போன வருஷம் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். மூட்டு புதிது, நாக்கு அதே பழசு.

லிண்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் எல்லோரையும்விட வேகமாகக் கத்தரிக்கிறவனை எங்கள் பக்கம் துப்பாக்கி என்பார்கள். எங்கள் ஊர் கரிங்காவைச் சுற்றியுள்ள ஷெட்டுகளில் லிண்டன் ரொம்பக் காலமாகத் துப்பாக்கி. குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு கொழுத்த கிடாவை இழுத்துத் திருப்பும்போது முதுகில் டிஸ்க் பிதுங்கி, நின்ற இடத்திலேயே மண்டிபோட்டுவிட்டார். ஜீலாங் நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிதுங்கியதை வெட்டி எடுத்த டாக்டர், இன்னொரு தடவை இது நடந்தால் எலும்பை ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு ஆட்டைக் கனவில்தான் கத்தரிக்க முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வசந்தத்தில் பெரிய கத்தரிப்பு தொடங்கும். ஆட்களை வேலைக்குச் சேர்க்கிற காண்ட்ராக்டர் டூகல் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்: "மெரின் சரின்னு சொன்னா லிண்டனுக்கு இடம். சொல்லலேன்னா நியூசிலாந்துலேருந்து ஒருத்தன் வரத் தயாரா இருக்கான்."

மெரின் நான்தான். ஐம்பத்தாறு வயசு துப்பாக்கியின் வேலை, இருபத்தைந்து வயசுப் பெண்ணின் வாயில் இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"கீத் பொண்ணுதானே நீ" என்றார் லிண்டன். "சின்னதுல பாத்தது. படிச்சு பெரிய ஆளாயிட்டே கண்ணு."

"கண்ணு இல்ல. மெரின். ஷூவக் கழட்டிட்டு வாங்க."

என் அப்பா கீத்தும் கத்தரித்தவர்தான். இப்போது கேள்விக்குறி மாதிரி வளைந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலையில் காலுறையை அம்மாதான் மாட்டிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கூடப் படித்தவர்களின் அப்பாக்கள் டாக்டர்கள், வக்கீல்கள். "உங்கப்பா என்ன பண்றார்" என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன். "எவ்வளவு இயற்கையான வாழ்க்கை" என்றாள். அவளை அடிக்காமல் விட்டதற்கே எனக்குப் பட்டம் கொடுத்திருக்கலாம். பிலாட்டிஸை அவர்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார்கள். லாவண்டர் வாசனை அடிக்கிற ஸ்டூடியோவில் அம்மாவோடு சேர்ந்து செய்தார்களாம். முதுகு நன்றாக இருக்கிறவர்கள் முதுகை இன்னும் நன்றாக்கிக்கொள்ள மாசாமாசம் செலவழிக்கிறார்கள். முதுகு போனவர்கள் பீர் வாங்கிக்கொள்கிறார்கள். இதற்காகவே ஊருக்குத் திரும்பி வந்தேன். கிளினிக்கின் பின்னறையில், முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட இடத்தில், மூன்று ரிஃபார்மர் போட்டேன். ஷெட் ஆண்கள் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தவர் லிண்டன் ஒருவர்தான், அதுவும் டூகல் கழுத்தில் கை வைத்துத் தள்ளியதால்.

ரிஃபார்மர் என்பது பார்வைக்குத் தண்டவாளத்தில் ஓடுகிற கட்டில். படுக்கிற பலகை முன்னும் பின்னும் நகரும். ஒரு முனையில் கை கால் வைக்க ஒரு கம்பி. அந்தக் கம்பிப் பக்கமாகப் பலகையை இழுத்துப் பிடிக்க அடியில் ஸ்பிரிங்குகள். சிவப்பு கனம், நீலம் நடுத்தரம், மஞ்சள் லேசு. எது வேண்டுமோ அதை மாட்டிக்கொள்ளலாம்.

"படுத்துக்கிட்டு தள்ளணும், அவ்வளவுதானா?" என்றார் லிண்டன். "இதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

"மூணு வருஷம் இதுக்கு. கடைசி வருஷம் உங்கள மாதிரி ஆளுங்கள சகிச்சுக்கிறதுக்கு."

படுத்துக் காலால் தள்ளுவதில் தொடங்கினோம். ஆபரேஷன் ஆன முதுகு என்பதால் அவருக்கு ஒரு சிவப்பு மட்டும் மாட்டினேன். அவர் கழுத்தைத் திருப்பி நோரீன் மிஷினுக்கு அடியில் பார்த்தார். அங்கே மூன்று சிவப்பு.

"அவளுக்கு மூணு. எனக்கு ஒண்ணா?"

"எனக்குத் தொடை இருக்கு மாப்ள" என்றார் நோரீன். "உங்க எல்லாரோட சாப்பாட்டுச் சட்டியையும் தூக்கின தொடை."

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ஷெட்டில் ஒவ்வொருத்தனும் ஒரு கண்ணைத் தன் ஆட்டின்மேலும் இன்னொரு கண்ணைப் பக்கத்து ஆள் கத்தரித்து விட்ட ஆடுகள் நிற்கிற பட்டியின்மேலும் வைத்திருப்பான். யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான் அங்கே மூச்சு. லிண்டனுக்கு இப்போது எண்ணுவதற்கு ஆடு இல்லை. ஸ்பிரிங்கை எண்ணத் தொடங்கினார்.

அடுத்த பயிற்சிதான் முக்கியமானது. பலகைமேல் முட்டிபோட்டுக் குனிந்து, கைகளைக் கம்பியில் ஊன்றி, முதுகை மேஜைமாதிரி தட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும். முட்டியால் பலகையை மெதுவாகப் பின்னால் தள்ளி, மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இடுப்பும் தொடையும் வேலை செய்யும், நடுமுதுகு அசையக் கூடாது. ஆட்டைக் குனிந்து கத்தரிக்கும்போது வேண்டியது இதேதான். அசைகிறதா என்று பார்க்க முதுகில் ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைப்பேன். முதல் சில வாரம் லிண்டன் சட்டை நனைந்தபடிதான் வீட்டுக்குப் போனார்.

"வழியில மழையான்னு கேட்டாங்க" என்றார் ஒரு நாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

நீலத்தில் தொடங்கி, கொஞ்சம் தேறியதும் மஞ்சளுக்கு மாற்றினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்ன தப்பு பண்ணேன்? மஞ்சளுக்கு இறக்கிட்டே."

"இறக்கல. ஏத்திருக்கேன். இந்தப் பயிற்சியில ஸ்பிரிங் குறைஞ்சாதான் கஷ்டம்."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கால் ஒடிந்த குழந்தையிடம் "உன் கட்டுதான் ரொம்ப அழகு" என்று சொல்கிறோம் அல்லவா, அப்படி நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். நான் பொய் சமாதானம் சொல்கிற ஆள் இல்லை என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அதிசயமாகத் தேறினார். கப் அசையவில்லை. சட்டை நனையவில்லை. நான் பிரைடியின் மூச்சைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினால், லிண்டனின் முதுகு பலகைபோல் இருக்கும். மனசுக்குள் எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். இடையில் தூளி பற்றியும் பேசிப் பார்த்தேன். ஷெட்டில் விட்டத்திலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, நெஞ்சுக்கு அடியில் பட்டை மாட்டிக்கொள்கிற சாதனம் அது. குனிந்திருக்கும்போது உடம்பின் பாரத்தைப் பாதி அது தாங்கிக்கொள்ளும். நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். டூகலின் கூட்டத்தில் மட்டும் ஒருத்தனும் தொடமாட்டான். அதற்குத் தூளி என்று பேர் வைத்ததே அவர்கள்தான்.

"தூளியா?" என்றார் லிண்டன். "அதுல தொங்க நான் என்ன கைக்குழந்தையா? யாராவது தாலாட்டும் பாடுவாங்களா?"

"எங்கப்பாவும் இதேதான் சொன்னார்."

"பாரு, கீத் ஆம்பள."

"ஆமா. அந்த ஆம்பளைக்கு எங்கம்மாதான் காலுறை மாட்டுறாங்க."

லிண்டன் தன் காலுறையைப் பார்த்தார். வார்த்தை எங்கேயோ பட்டது தெரிந்தது. ஆனாலும் தூளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கத்தரிப்பு வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது என்று இருந்தபோது, அதற்கு முந்தைய வியாழக்கிழமை கடைசிச் சோதனை வைத்தேன். சாயங்காலம் டூகலுக்குப் போன் செய்து சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். லிண்டனுக்கு மஞ்சளை மாட்டி, கப்பை வைத்துவிட்டு, நோரீன் பக்கம் திரும்பினேன். வெளியே அப்போது ஒரு ஆட்டு லாரி வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி இருண்டு முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. அதில் லிண்டன் தெரிந்தார். ஒரு கையால் முதுகிலிருந்த கப்பைத் தூக்கி, இன்னொரு கையை அடியில் விட்டு, ஒரு சிவப்பு ஸ்பிரிங்கை மாட்டினார். இன்னொன்றையும் மாட்டினார். கப்பைத் திரும்ப முதுகில் வைத்துக்கொண்டார். எல்லாம் அவ்வளவு லாகவமாக, சத்தமே இல்லாமல். பழகிய கை.

திரும்பினேன். முதுகு பலகை. முகம் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் உட்கார்ந்திருக்கிற முகம்.

"பரவால்லையே" என்றேன். "நோரீன், கொஞ்சம் அடுப்படிக்கு வரீங்களா."

அடுப்படி என்றால் ஒரு தொட்டியும் கெட்டிலும் இருக்கிற மூலை. நோரீன் தாங்கித் தாங்கி வந்தார்.

"அவர் ஸ்பிரிங் மாட்டுறார்."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு மாசமா பாக்கறேன். நீயா கண்டுபிடிப்பேன்னு இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

நோரீன் என்னை ஏதோ அசிங்கமானதைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். "முப்பது வருஷம் ஷெட்டுல சோறு போட்டிருக்கேன். யார் பாட்டில ஒளிச்சு வெச்சான், யார் யாரோட பட்டியிலேருந்து ஆட்டைத் தள்ளிக்கிட்டான், எல்லாம் தெரியும். ஒருத்தனையும் காட்டிக்குடுத்ததில்ல. இப்ப வயசான காலத்துல ஆரம்பிக்கச் சொல்றியா?"

"அவர் முதுகு போயிடும் நோரீன்."

"அதான் நீ கண்டுபிடிச்சிட்டியே" என்றார். "போய் அவனக் கிழி. நான் வந்து வேடிக்கை பாக்கறேன்."

கிழித்திருப்பேன். வார்த்தைகள் எல்லாம் தயாராக வரிசையில் நின்றன. ஆனால் லிண்டன் மாதிரி ஆளைத் திட்டினால் திட்டு அவருக்குப் பழகிய சாப்பாடு. தோற்றுப்போவதுதான் பழக்கமில்லை.

"இன்னிக்குப் போட்டி" என்றேன் திரும்பி வந்து. "மூணு பேரும். முட்டிபோட்டு, முதுகுல கப்பு. எல்லாருக்கும் மஞ்சள் ஒண்ணு மட்டும். நான் இங்கேயே நிப்பேன், திரும்ப மாட்டேன். யார் கப்பு முதல்ல விழுதோ அவங்க எல்லாருக்கும் டீ போட்டு, கப்பையும் கழுவணும்."

லிண்டன் ஒரு கணம் என்னையும், பிறகு ஜன்னலையும் பார்த்தார். சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் போட்டி என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு துப்பாக்கியால் பின்வாங்க முடியாது.

"மஞ்சளா? பாப்பா ஸ்பிரிங். இவங்க ரெண்டு பேருக்கும் வேணும்னா முன்கூட்டியே ஆரம்பிக்க விடறேன்."

"வேணாம் மாப்ள" என்றார் நோரீன். "சர்க்கரை ரெண்டு ஸ்பூன். மறந்துடாதே."

சிவப்பு இரண்டையும் அவர் கண் முன்னால் கழற்றினேன். மூன்று முதுகு, மூன்று கப். ஆரம்பிக்கச் சொன்னேன்.

லிண்டன் ஒரே தள்ளில் பலகையைப் பின்னால் அனுப்பினார். அது போனது. போய்க்கொண்டே இருந்தது. இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. திரும்ப வர முயன்றபோது முதுகு நடுவில் பழைய கட்டிலின் கயிறுபோலத் தொய்ந்தது, கைகள் வெடவெடவென்று ஆடின, கப் கவிழ்ந்தது. பிறந்து எழுந்து நிற்கப் பார்க்கிற குட்டி மாதிரி கையும் காலும் நாலு பக்கம் போயின. அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். பிரைடி முதுகில் கப் அசையாமல் பலகையோடு பின்னால் போய்விட்டு வந்தாள். நோரீன் முனகிக்கொண்டே போய்விட்டு வந்தார்.

"மிஷின் ரிப்பேர்" என்றார் லிண்டன் பலகையிலிருந்து.

"என்னோடதுல வந்து பண்ணுங்க" என்றாள் பிரைடி, உண்மையான கரிசனத்தோடு.

பண்ணினார். இந்தத் தடவை கப் சீக்கிரமாகவே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நோரீன்கூட. லிண்டன் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சிவப்பு மாட்டினது உனக்குத் தெரியும்" என்றார்.

"இன்னிக்குத்தான் தெரியும்."

"அதிகமாத்தானே மாட்டினேன். குறைச்சா அது ஏமாத்து. நான் கூட்டினேன்."

"காலால தள்ளும்போது கூட்டினா கஷ்டம். இதுல ஸ்பிரிங்தான் உங்களத் திரும்ப இழுத்துட்டு வருது. தள்ளுறதுக்கு உங்க தொடையும் தோளும் எருமை மாதிரி இருக்கு, அதுக்கு எத்தனை சிவப்பு போட்டாலும் ஒண்ணுமில்ல. வயிறும் முதுகும் பண்ண வேண்டிய வேலையை ஸ்பிரிங் பண்ணிடுச்சு. நீங்க இத்தனை வாரமும் தூளியிலதான் தொங்கிட்டிருந்தீங்க லிண்டன்."

அது உறைத்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப திங்கக்கிழமை?"

"இந்த முதுகோட இல்ல."

"டூகல்கிட்ட என்ன சொல்வே?"

"உண்மைய."

லிண்டன் எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மூலைக்குப் போய் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். தோற்றவன் டீ போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆண்களிடம் என்னால் குறை சொல்ல முடியாத ஒரே விஷயம் இது. டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்புத் தண்ணீர்.

"முப்பது வருஷம் என் டீயைக் குடிச்சவன் போடுற டீயா இது?" என்றார் நோரீன்.

"குடிச்சேன். போடுறத எங்க பாத்தேன்." லிண்டன் தன் கப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினார். "ஷெட்டு இல்லேன்னா நான் என்ன பண்றது? ஸ்கூல் பஸ் ஓட்டலாம். அதையும் இவங்கப்பன் ஓட்டிட்டிருக்கான்."

நோரீன் சிரித்தார். லிண்டனும் கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெட் இல்லையென்றால் நீ என்ன செய்வாய் கீத் என்று என் அப்பாவிடம் யாருமே கேட்டதில்லை. முதுகு போனதும் மறுவாரம் இன்னொருவன் அவர் இடத்தில் நின்றான். எனக்கு டூகல்மேல் கோபம் வந்தது, லிண்டன்மேல் வந்தது, தூளிக்குப் பேர் வைத்தவன்மேல் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"நோரீன், உங்க செனட்டர கத்தரிச்சாச்சா?"

செனட்டர் என்பது நோரீன் வளர்க்கிற காயடித்த ஆடு. ரொட்டியும் கேக்கும் தின்று சோபா அளவுக்கு வளர்ந்து, யாரிடமும் சிக்காமல் ரோமத்தோடு திரிந்துகொண்டிருந்தது.

"எவன் கிட்டப் போறான்" என்றார் நோரீன். "போன தடவை வந்தவன உதைச்சே அனுப்பிச்சிடுச்சு."

"ஞாயித்துக்கிழமை லிண்டன் கத்தரிப்பார். உங்க கார் நிறுத்துற கூரை விட்டத்துல நான் தூளி மாட்டறேன். முதுகு அசையாம முடிச்சார்னா, அரை நாள் வேலை, தூளியோட, டூகல்கிட்ட சரின்னு சொல்றேன். சாயங்காலம் இங்க வந்து மஞ்சள் ஸ்பிரிங். தூளி இல்லேன்னா நியூசிலாந்துக்காரன் வரட்டும்."

"சிரிப்பாங்க" என்றார் லிண்டன் மெதுவாக. "நம்ம ஷெட்டுல எவனும் மாட்டினதில்ல. நான்தான் எல்லாரையும் கிண்டல் பண்ணுவேன்."

"தெரியும். உங்க கிண்டலுக்குப் பயந்துதான் எங்கப்பா மாட்டல."

இதை நான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. லிண்டன் கப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், ரொம்ப நேரம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தன் வெட்டு மிஷினோடு. தூளிப் பட்டையை நெஞ்சில் கட்டிவிட்டு, மேலே மூன்று ஸ்பிரிங் மாட்டினேன். குனிந்து பார்த்தார். உடம்பு பாதி எடை இழந்ததும் ஒரு மாதிரி முழித்தார்.

"தாலாட்டு பாடவா?" என்றார் நோரீன்.

"ஆட்டைப் பிடி நோரீன்."

செனட்டரைப் பிடிக்க மூன்று பேரும் தோட்டத்தைச் சுற்றி ஓடினோம். புது இடுப்போடு நோரீன்தான் கடைசியில் மடக்கினார். அதற்குப் பிறகு லிண்டன் அதைக் குண்டியில் உட்கார வைத்து, முட்டிக்கு நடுவில் அணைத்ததும், அந்தப் பிராணி பேச்சு மறந்த அரசியல்வாதிபோல் அடங்கிவிட்டது. லிண்டன் கத்தரித்தார். நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அவர் பெல்ட்டுக்கு மேலே ஒரு சாண் இடத்தை மட்டும் பார்த்தேன். வயிறு, பின்னங்கால், ஒரு பக்கம். பிறகு வால் பக்கத்திலிருந்து தலைவரை முதுகோடு ஒரே இழுப்பாக இழுக்கிற நீள வெட்டு. எல்லாருக்கும் முதுகு முறிவது அங்கேதான். லிண்டன் காலை மாற்றி வைத்தார், இடுப்பிலிருந்து மடிந்தார், அந்த ஒரு சாண் இடம் அசையவில்லை. ரிஃபார்மரில் என்ன செய்யச் சொன்னேனோ அதைத்தான் செய்தார். ஸ்பிரிங் திருடின நாட்களிலும் கொஞ்சம் உடம்பில் ஏறித்தான் இருக்கிறது.

ரோமம் முழுசாக ஒரே போர்வையாகக் கழன்று கிடந்தது. செனட்டர் பாதி சைஸில், அவமானத்தோடு எழுந்து ஓடியது. லிண்டன் தொடையில் கை ஊன்றாமல் நிமிர்ந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல." யோசித்துப் பார்த்தார். "இருபது வருஷமா வலிக்காம நிமிர்ந்ததில்ல. கொஞ்சம் பயமா இருக்கு."

டூகலுக்குப் போன் செய்தேன். அரை நாள், தூளியோட என்றேன். மறுமுனையில் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"லிண்டனா? தூளியிலயா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா."

"நீங்களே வந்து பாருங்க. இன்னொண்ணு, இனிமே யார் முதுகு போனாலும் இடத்த அடுத்தவனுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட அனுப்புங்க." அவர் ம் என்றார். அந்த ம்மை நான் விடப்போவதில்லை.

சில வாரம் கழித்து, தூளி எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று பார்க்க ஷெட்டுக்குப் போனேன். நோரீனும் கூட வந்தார். டீக்கு கேக் கொண்டுபோக வேண்டுமாம், வெறுங்கையோடு எந்த ஷெட்டுக்குள்ளும் போனதில்லையாம். அவர் வண்டியிலிருந்து கேக்கை இறக்கிக்கொண்டிருக்க, நான் முன்னால் ஷெட் வாசலுக்குப் போகிற சாய்பலகையில் ஏறினேன். உள்ளேயிருந்து எவனோ "குளத்துல வாத்து" என்றான். சின்ன வயசில் கேட்ட அதே ராகம். பேச்சு நின்றது.

"அது வாத்து இல்லடா, என் பிசியோ" என்று லிண்டன் குனிந்த தலையை நிமிர்த்தாமலே கத்தினார். "திட்டிட்டிருந்தவன் திட்டு. இவ உங்க எல்லாரையும்விட நல்லாத் திட்டுவா."

பேச்சு திரும்பத் தொடங்கியது. நான் உள்ளே வந்து பார்த்தேன். வரிசை முழுக்க, ஒவ்வொரு ஆளுக்கு மேலும், விட்டத்திலிருந்து தூளி தொங்கியது. எனக்குப் புரியவில்லை.

"எல்லாரும் எப்ப மாட்டினாங்க?" என்று லிண்டனுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞனிடம் கேட்டேன்.

"போட்டி" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "லிண்டன்தான் சொன்னார், தூளி மாட்டுறது பெருசில்ல, எத்தனை ஸ்பிரிங் குறைக்கிறோம்கிறதுலதான் ஆம்பளத்தனமே இருக்குன்னு. நான் ரெண்டுல தொங்கறேன். அவர் ஒண்ணுல."

அண்ணாந்து பார்த்தேன். நான் மூன்று மாட்டியிருந்தேன். லிண்டனுக்கு மேலே ஒரே ஒரு ஸ்பிரிங் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிய இரண்டும் விட்டத்தில் ஆணியில் பதக்கம்போல் மாட்டியிருந்தன.

பட்டிக் கம்பிமேல் ஏறி நின்றேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. ஷெட் முழுக்க நின்று கேட்டது. கடைசியில் இருந்த ஒரு நரைத்த ஆள் தொப்பியைக் கழற்றினார்.

"இங்க குறைச்சா கஷ்டம்னு நீதான் சொன்னே" என்றார் லிண்டன், ஆட்டை விடாமல்.

"ரிஃபார்மர்ல. இது ஷெட்டு. இங்க நீங்க தேறுறதுக்குத் தொங்கல, சம்பாதிக்கத் தொங்கறீங்க." ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினேன்.

"ரெண்டு போதும் கண்ணு."

"மெரின்."

"ரெண்டு போதும் மெரின். பசங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

லிண்டன் பெருமூச்சு விட்டார். பிறகு எதிரே ஜன்னல் வழியாக எதையோ பார்த்தார். சாய்பலகையில் நோரீன், இரண்டு கையிலும் கேக்குத் தட்டோடு, கண்ணை விட்டத்தின்மேல் வைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"குளத்துல வாத்து" என்றார் லிண்டன், குரலைத் தாழ்த்தி. "சீக்கிரம் மாட்டு, சீக்கிரம்."

மூன்றாவதையும் மாட்டினேன்.